உலகப் போட்டியில் 10,000 மீட்டர்

ஆடவர் 10,000 மீட்டர் என்பது 400 மீட்டர் தடகளத்தில் 25 சுற்று. உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் முதல் போட்டி 1983-இல் ஹெல்சிங்கியில் நடந்தது. அதில் இத்தாலியின் ஆல்பெர்ட்டோ கோவா கடைசி நேர்பாதையில் பாய்ந்து முந்தினார். முதல் மூவரும் கால் நொடிக்குள் கோட்டைத் தொட்டனர். 1987-இல் பால் கிப்கோச்சும் 1991-இல் மோசஸ் டானுயும் தங்கத்தைக் கென்யாவுக்குக் கொண்டுபோயினர்.

இந்த ஓட்டத்தின் வரலாற்றில் 1993 ஸ்டுட்கார்ட்டின் கடைசிச் சுற்றுக்கு ஈடில்லை. மணி ஒலிக்கும் நேரத்தில், பின்னால் ஒட்டி ஓடிய எத்தியோப்பியர் ஹைலே கெப்ரசெலாசியின் கால் டானுயின் குதிகாலை மிதித்தது. காலணி கழன்றது. டானுய் அதை உதறி எறிந்துவிட்டு, ஒற்றைக் காலணியோடு சீறிப் பாய்ந்து இடைவெளியை விரித்தார். ஆனாலும் கடைசி நேர்பாதையில் கெப்ரசெலாசி எட்டிப் பிடித்தார். 27 நிமிடம் 46.02 நொடி. டானுய் இழந்தது அரை நொடியில். கென்யர்களுக்கு ஆறாத வலி அது. காலணி கழன்றபின் அவர் ஓடிய அந்த 400 மீட்டர், தங்கத்துக்குக் குறைந்ததல்ல.

கெப்ரசெலாசி 1999 வரை அடுத்தடுத்து நான்கு முறை வென்றார். 2003 பாரிசில் அவரையே வீழ்த்திய கெனெனிசா பெக்கெலே, 2009 வரை நான்கு தங்கம் பெற்று அதைச் சமன் செய்தார். 2013 முதல் 2017 வரை பிரிட்டனின் மோ ஃபாராவும், பிறகு 2023 வரை உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகேயும் தலா மூன்று தங்கம் வென்றனர்.