துடைப்பவரின் வேலைநேரம்: எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியும் மருத்துவமனைப் பரப்புகளும், 1946–2019

பெனிசிலின் பரவலான புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் சோதித்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் அம்மருந்துக்கு அடங்காதவை 1946இல் 14 விழுக்காடு, 1948இல் 59. புதிய மருந்தே தீர்வு என்று நம்பப்பட்டது. ஆனால், 1961இல் பாட்ரிசியா ஜெவன்ஸ், தாம் ஆராய்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் மூன்று, புதிதாக வந்த மெதிசிலினுக்கும் மசியவில்லை என்று அறிவித்தார். மெதிசிலினுக்கு அடங்காத இந்த ஸ்டாஃபிலோகாக்கஸ்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. அப்படியானால் கிருமி எவ்வழியே ஆள்மாறிப் போகிறது?

அந்த வழியில் கட்டில் கம்பிக்கும் மேசைக்கும் பெரிய பங்கில்லை என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தது, 1982இல் டென்னிஸ் மாக்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்த பிறகும் தொற்று விகிதம் மாறவில்லை. ஆய்வு நேர்த்தியானதுதான். எனினும் அது கட்டடங்களின் ஒப்பீடு. நோயாளியருகே கைபடும் இடங்களைக் கூடுதலாகத் துடைத்தால் என்ன ஆகும் என்பதற்கான சோதனை அல்ல. மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசு மருத்துவமனைத் துப்புரவைப் போட்டி ஒப்பந்தத்துக்கு விட உத்தரவிட்டது. இவ்விரண்டையும் முடிச்சுப் போடுவது சரியாகாது. ஆனால் துப்புரவு, நோய்த்தடுப்பாக அன்றிப் பராமரிப்புச் செலவாக எண்ணப்பட்ட காலம் அது. அதன் இழப்பு நோயாளிகளின் தலையில் விழுந்தது என்றே கருதுகிறேன்.

1997இல் ஜான் பாய்ஸ் குழுவினரின் ஆய்வு பார்வையைத் திருப்பியது. எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றியவர்களின் அறைகளில் 73 விழுக்காட்டில் பரப்புகளிலும் அக்கிருமி இருந்தது. நோயாளியைத் தொடாமல் அப்பரப்புகளை மட்டும் தொட்ட ஊழியர்களில் 42 விழுக்காட்டினரின் கையுறையிலும் அது ஒட்டியிருந்தது. உலர்ந்த பரப்பில் இக்கிருமி மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும்.

வெறும் கிருமிநாசினியைத் தெளித்து இதைத் தீர்த்துவிட முடியாது. இரத்தமும் சீழும் படிந்த இடத்தில் குளோரின் கரைசல் வீரியம் இழக்கும். முதலில் சோப்புக் கரைசலால் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு பூசிய மருந்து, அதற்குரிய நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். ஊற்றிய கையோடு துணியால் உலர்த்திவிட்டால் கிருமி சாகாது. இதற்கெல்லாம் தேவைப்படுவது ஆள், நேரம்.

இதைச் சோதித்துக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஸ்டெஃபனி டான்சர். 2009இல் வெளியான அவருடைய ஆய்வில், இரண்டு அறுவை சிகிச்சை வார்டுகளுக்கு மாறி மாறி ஒரே ஒரு துப்புரவுப் பணியாளர் கூடுதலாக அனுப்பப்பட்டார். கைபடும் இடங்களில் கிருமிப் படிவு 32.5 விழுக்காடும், புதிய எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று 26.6 விழுக்காடும் குறைந்தன. இரண்டே வார்டுகள் என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. ஆனாலும் இவ்வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஆய்வுதான். இங்கே சோதனைக்குள்ளானது புது மருந்தல்ல, ஒரு மனிதரின் உழைப்பு.

2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு 11 மருத்துவமனைகளில் நடந்தது. துப்புரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது; கண்ணுக்குத் தெரியாத ஒளிர்பசையைப் பொட்டுவைத்து, துடைத்த பின் அது அழிந்ததா என்று புற ஊதா விளக்கில் பார்த்து, முடிவு அவர்களிடமே சொல்லப்பட்டது. வான்கோமைசின் மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியின் தொற்று 37 விழுக்காடு குறைந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் இரத்தத் தொற்றிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. நோயாளியின் மூக்கிலும் தோலிலுமே குடியிருக்கும் கிருமி, நரம்பில் செருகிய குழாய் வழியே இரத்தத்தில் நுழைவதைக் கட்டிலைத் துடைத்துத் தடுக்க முடியாது. எனினும், அதே மருத்துவமனைகளில் சரியாகத் துடைக்கப்பட்ட இடங்களின் அளவு படுக்கையறைகளில் 64இலிருந்து 86 விழுக்காடாகவும், குளியலறைகளில் 55இலிருந்து 76 விழுக்காடாகவும் உயர்ந்தது.