குப்பாயமும் நேரியலும்

சென்ற வருஷம் அம்மா இறந்து நாற்பது நாள் கழிந்தபின் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பாச்சா உருண்டை வாசனையோடு மேலே நாலைந்து பட்டுச்சேலை. அடியில் பழைய முண்டு ஒன்றில் பொதிந்து இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, முழுக்கை வைத்த தொளதொளப்பான வெள்ளைச் சட்டை. இன்னொன்று, பழுப்பேறிய காகிதத்தில் சுருட்டிய ரேந்தை, ஒரு முழம் இருக்கும்.

சட்டை என் பாட்டியின் அம்மாவுடையது. அதைப் பாட்டி 'குப்பாயம்' என்பாள். ரேந்தை பாட்டி பின்னியது. சிறுபிள்ளையாக மிஷன் போர்டிங்கில் இருந்தபோது கற்றுக்கொண்ட வேலை.

சென்னையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகள் சட்டையை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். அவள் துணி வடிவமைப்பு படித்தவள். "மாமா, இத எனக்குத் தாங்க. இந்தக் கட்டிங்க அப்படியே எடுத்து, கழுத்துல இந்த லேஸ வச்சு, ஜீன்ஸுக்குப் போடுற மாதிரி ஒரு டாப் பண்ணலாம். இப்ப இதுக்குத்தான் மார்க்கெட்டு."

"எடுத்துக்க மக்ளே" என்றேன். தங்கைதான் கேட்டாள், "பாட்டி மேல ஒரு நேரியலும் போடுவால்லா? அதையும் சேத்து வச்சா என்னடி?"

"அந்தத் துண்டு வேண்டாம்மா. ஓல்டா தெரியும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துண்டு என்னை விடவில்லை.

குப்பாயம் பழைய சொல். சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது. ஆனால் திருவிதாங்கூரின் தென்கோடியில் அந்தச் சொல் சட்டத்துக்குள் வந்தது 1814-ல். அந்தக் காலத்தில் இங்கே உடை என்பது சாதியின் அடையாள அட்டை. நாயர் பெண்கள் மேல்முண்டு போடலாம், ஆனால் தங்களுக்கு மேலானவர்கள் முன் அதை எடுத்துவிட வேண்டும். அதுதான் மரியாதை. நாடார் பெண்களுக்கும், அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிகளின் பெண்களுக்கும், எடுப்பதற்குக்கூட ஒன்று இருக்கக் கூடாது.

1806-ல் ரிங்கல்தௌபே வந்தபின் மைலாடியைச் சுற்றி நாடார்கள் பலர் கிறிஸ்தவர்களானார்கள். அவர்களின் பெண்கள் மார்பை மூடத் தொடங்கினார்கள். ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ அதற்கு அனுமதி கொடுத்தார். மேல்சாதியினர் எதிர்க்கவே, 1814-ல் அரசு ஒரு நடுவழி கண்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போடுவதுபோலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். நாயர் பெண்களைப்போலத் தோளில் சீலை போடக் கூடாது.

அப்படியானால் இந்தச் சண்டை மார்பை மறைப்பதைப் பற்றியது மட்டுமல்ல. மறைப்பதற்குத்தான் குப்பாயம் கிடைத்துவிட்டதே. சண்டை அதற்கு மேலே போடும் ஒரு துண்டுத் துணியைப் பற்றியது. குப்பாயம் சொன்னது, 'நீ கிறிஸ்தவள், வேறு ஆள்.' தோள்சீலை சொன்னது, 'நீயும் நானும் ஒன்று.' அரசு முதல் வாக்கியத்தை அனுமதித்தது, இரண்டாவதை அனுமதிக்கவில்லை.

மிஷனரிகளுக்குக் குப்பாயம் போதுமானதாக இருந்தது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அடக்கமான தொளதொளச் சட்டை ஒன்றை வடிவமைத்துப் பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் அதைப் போட்டார்கள். போட்டுவிட்டு அதன்மேல் சீலையையும் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 1822-ல் கல்குளம் பக்கம் கலவரம் தொடங்கியது. சந்தையில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. 1820களின் கடைசியில் மறுபடியும் அடிதடி. 1829 பிப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாயின் விளம்பரம் வந்தது. குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. பதினைந்து வருஷம் கழித்தும் அதே கோடு.

இதே வருஷங்களில்தான் ரேந்தையும் வந்தது. 'ரேந்தை' போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து நம்மிடம் வந்தது. 1821-ல் மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் அதைக் கற்பிக்க ஆரம்பித்தார். இதில் ஊசிவேலை கிடையாது. திண்டுபோன்ற ஒரு தலையணை, அதன்மேல் துளைகளிட்ட மாதிரித் தாள், துளைகளில் குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள். கட்டைகளை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றியும் முறுக்கியும் போவார்கள். பாட்டி சொல்வாள், "ஒரு வெரக்கடை பின்னணும்னா ஒரு பகல் போவும் மக்கா. வேர்த்த கையோட தொட்டா நூலு கறுத்துப்போவும்." இங்கிலாந்தின் ஹானிட்டன் ரேந்தையும் இதே தலையணை வேலைதான். 1840-ல் விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு அணிந்தது அதைத்தான்.

நாகர்கோவில் ரேந்தையை வாங்கியவர்கள் வெள்ளைக்காரிகள். அந்தப் பணத்தில் பள்ளி நடந்தது. அடிமைச் சாதிகளில் பிறந்த பெண்கள் சிலர் பின்னிச் சம்பாதித்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடவே போயிற்று.

இதை யோசித்தால் மனசு கொஞ்சம் தடுமாறும். பகலெல்லாம் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் பூ பின்னுகிறாள் ஒரு பெண். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் தன் தோளில் ஒரு வெறும் துணி போட்டால் கிழிக்கிறார்கள்.

1858-ல் மூன்றாவது கலவரம். இம்முறை கோயில்கள் எரிந்தன. கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கினார். 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் செய்தார். நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்களைப்போல முரட்டுத்துணி கட்டலாம். வேறு எப்படியும் மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் அல்ல.

இதைத்தான் நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். வெற்றிதான். ஆனால் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். நாற்பத்தைந்து வருஷ அடிதடிக்குப் பிறகும் சட்டம் தோள்சீலையைத் தரவில்லை. பெண்கள் அதைக் கேட்டு வாங்கவில்லை, போட்டுக்கொண்டார்கள். போட்டுப் போட்டே அந்த வரியைச் செல்லாக்காசாக்கினார்கள்.

2016-ல் சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்த வரலாற்றை நீக்கச் சொன்னது. பாடத்தின் வாசகங்களைப் பற்றி வழக்குகள் இருந்தன, வாதங்கள் இருந்தன. திருத்தியிருக்கலாம். எடுத்துவிட்டார்கள்.

பாட்டியை நினைத்துக்கொள்கிறேன். சந்தைக்கோ சபைக்கோ புறப்படும்போது சட்டை முண்டெல்லாம் உடுத்தியபின் வாசல்வரை வந்து, "லே மக்கா, எனக்க நேரியல எடு" என்பாள். பக்கத்து வீட்டுக்குப் போவதற்குக்கூட அது வேண்டும். ஏன் பாட்டி என்று ஒருமுறை கேட்டேன். "அது இல்லாம தெருவுல எறங்கப்பிடாதுன்னு எங்கம்மை சொல்லுவா." அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை. அல்லது சொல்லவில்லை.

மாசம் கழிந்து தங்கை மகள் அந்த டாப்பின் படத்தை அனுப்பியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. உடைகள் மாறத்தான் வேண்டும். குப்பாயமே ஒரு மாற்றம்தானே. போன் போட்டு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்ப சட்டை அவங்க குடுத்தது, துண்டுதான் நம்ம எடுத்துக்கிட்டது. அப்படித்தானே மாமா?"

"அப்பிடித்தான் மக்ளே."

"அந்த நேரியல் பெட்டியில இருக்கா?"

இல்லை. பாட்டியை அடக்கம் செய்தபோது அதைப் போட்டுத்தான் அனுப்பினோம்.