திரைப்புள்ளி கண்டறியும் குறுநிரல்களும் மாறும் பிரிதிறனும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையில் ஓரிடத்தின் நிறத்தைக் கண்டறிந்து, அதற்கேற்பச் சுட்டியை இயக்கும் குறுநிரல்கள் திரையின் பிரிதிறன் மாறும்போது பிழைபடுகின்றன. இச்சிக்கலுக்கு 1990கள் முதல் முன்வைக்கப்பட்ட தீர்வுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. புள்ளியின் இடத்தைத் தேடுவதிலிருந்து பொருளின் அமைப்பைத் தேடுவதை நோக்கி இத்துறை நகர்ந்துள்ளது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பிக்சல், பிரிதிறன், குறுநிரல், ஆயத்தொலைவு, உருவப் பொருத்தம்

முன்னுரை

தம் உள்ளமைப்பைப் பிற நிரல்களுக்குத் திறந்துகாட்டாத மென்பொருள்கள் பல. அவற்றைத் தானியங்கியாக இயக்க விழைவோர்க்குத் திரையில் தோன்றும் பிக்சல்களே ஒரே வாயில். இவ்வழியில் நேரும் பிழை பெரும்பாலும் ஓசையற்றது. இடம் தவறிய குறுநிரல் நின்றுவிடுவதில்லை; ‘சேமி’ என்னும் பொத்தானுக்கு மாறாக அருகிலுள்ள ‘நீக்கு’ என்பதை அழுத்திவிட்டு மேலே செல்லும். ஆதலின் இது வெறும் வசதி பற்றிய சிக்கலன்று; நம்பகத்தன்மை பற்றியதாகும்.

நிலைத்த திரையின் காலம்

1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியின் திரை 512×342 பிக்சல்கள் கொண்டது. 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறை 640×480 அளவை வழங்கியது. திரையளவுகள் சிலவாக இருந்தவரை ஆயத்தொலைவுகளை நிரலில் நேரடியாக எழுதுவது பெரிதும் இடர் தரவில்லை. ரிச்சர்டு பாட்டர் 1993இல் விளக்கிய ‘ட்ரிகர்ஸ்’ என்னும் அமைப்பு பிக்சல் வடிவங்களைத் துல்லியமாக ஒப்பிட்டுச் செயல்பட்டது. ஒரே பொருள் எப்போதும் ஒரே பிக்சல்களால் வரையப்படும் என்பதே அதன் அடிப்படை. 1999இல் தோன்றிய ஆட்டோஇட், 2003இல் தோன்றிய ஆட்டோஹாட்கீ ஆகியன பிக்சல் தேடலைப் பொதுப் பயனர்க்கும் எளிதாக்கின. நிறம் சற்று வேறுபடினும் ஏற்கும் வகையில் 0 முதல் 255 வரையிலான நெகிழ்வெண்ணை அவை அளித்தன. ஆயினும் அந்நெகிழ்வு நிறத்திற்கே உரியது, இடத்திற்கு உரியதன்று.

விகிதக் கணக்கும் அதன் எல்லையும்

திரை மாறியபோது முதலில் கைக்கொள்ளப்பட்ட தீர்வு விகிதக் கணக்காகும். 1024×768 திரையின் மையப்புள்ளி (512, 384). 1920×1080 திரைக்கு அகலத்தை 1.875ஆலும் உயரத்தை 1.40625ஆலும் பெருக்கினால் (960, 540) எனச் சரியாகவே கிடைக்கும். ஆனால் வலவோரத்திலிருந்து 20 பிக்சல் உள்ளே அமைந்த மூடும் பொத்தானைக் கருதுக. பழைய திரையில் அதன் கிடைத்தொலைவு 1004, விகிதப்படி 1882.5 எனவரும். பொத்தானோ புதிய திரையிலும் ஓரத்திலிருந்து 20 பிக்சல் தொலைவிலேயே, அதாவது 1900இல் நிற்கிறது. திரை விரிந்தாலும் பொத்தான்கள் விரிவதில்லை என்பதே இதன் காரணம். ஆகவே ஓரத்தையோ மையத்தையோ நங்கூரமாகக் கொண்டு தொலைவை அளப்பதே பொருத்தமான முறை என்பது புலனாகிறது.

பிக்சலின் பொருள் மாற்றம்

2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த கிளியர்டைப், எழுத்துகளின் விளிம்பில் நிறச்சாயல்களைச் சேர்த்தது. 2007இல் பரவலாக வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, அடர்த்தியை உணராத பயன்பாடுகளைத் தானே நீட்டிக் காட்டி, அவற்றிற்குக் கற்பனை ஆயத்தொலைவுகளை வழங்கியது. 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவின் 2880×1800 திரை, இயல்பு நிலையில் 1440×900 அளவினதாகவே பயன்பாடுகளுக்குத் தோன்றியது. திரைப்படிமத்தில் கண்ட இடத்தைப் பாதியாக்காமல் சுட்டிக்கு அளித்தால் அது இருமடங்கு தொலைவு செல்லும். 2013இல் விண்டோஸ் 8.1 ஒவ்வொரு திரைக்கும் தனி அளவுப்பெருக்கத்தை அனுமதித்தது. பிரிதிறனை மட்டும் அறிந்தால் போதும் என்ற நிலை இவற்றால் முடிவுற்றது.

உருவத்திலிருந்து அமைப்புக்கு

2009இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சிக்குலி, திரைப்படிமத்தையே நிரலின் கூறாக்கியது. பொருள் எங்கிருப்பினும் கண்டுபிடிக்க அது உதவியது; எனினும் பொருளின் அளவு மாறினால் எளிய உருவப் பொருத்தம் தடுமாறும். 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கன் டிக்சன், ஜேம்ஸ் ஃபோகார்ட்டி ஆகியோர் முன்வைத்த ‘ப்ரீஃபேப்’, மூலைகள், விளிம்புகள் முதலிய உறுப்புகளைக் கொண்டு பொத்தானை அடையாளம் கண்டது. ஒரே வகைப் பொத்தான் வேறுவேறு நீளத்தில் வரினும் இம்முறையால் அறியமுடிந்தது.

முடிவுரை

இடம், விகிதம், உருவம், அமைப்பு என இவ்வளர்ச்சி நான்கு படிகளில் அமைந்துள்ளதை மேற்கண்ட ஆய்வால் அறியமுடிகிறது. ஒவ்வொரு படியும் முந்தையதன் மறைவான எடுகோளை வெளிக்கொணர்ந்தது. எந்தத் திரை, எந்த அளவுப்பெருக்கம், எந்த நங்கூரம் என்பவற்றை நிரலின் தொடக்கத்திலேயே சோதித்து, பொருந்தாவிடில் செயலை நிறுத்துவதே இவ்வரலாறு உணர்த்தும் நடைமுறைப் பாடம் எனலாம்.