முடியும் முடிச்சும்

தையற்கலையைப் பற்றிப் பேசுவோர் ஊசியையும் நூலையும் வாயாரப் புகழ்ந்துவிட்டு, துணியின் உட்புறத்திலே கடுகளவாய் ஒடுங்கியிருந்து தையல் அனைத்தையும் காத்து நிற்கும் முடிச்சை மறந்துவிடுவது வழக்கம். புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் வாழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுவதால், துணி தைத்தல் நம் நாட்டில் புராதனமான தொழில் என்பது தெளிவு; அத்தொழிலின் கடைசிச் செய்கைக்கு நம் மொழி வழங்கிய பெயரோ இன்னும் ஊன்றி ஆராய்தற்குரியது.

'முடிச்சு' என்பது 'முடி' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். அவ்வினைக்குக் கட்டுதல் என்றும் நிறைவேறுதல் என்றும் இரு பொருள்கள் உண்டு. காசை முந்தானையில் முடிந்தாள் என்கிறோம். வேலை முடிந்தது என்றும் சொல்கிறோம். முன்னதற்குச் செயப்படுபொருள் உண்டு, பின்னதற்கு இல்லை. எனினும் வடிவம் ஒன்றே. இவற்றை வெவ்வேறு வேர்களாகப் பிரித்துக்கொள்வாரும் உளர். ஆயினும் தெலுங்கில் 'முடி' என்பது முடிச்சையே குறிப்பதையும், கன்னடத்தில் கொண்டையையும் மலையாளத்தில் தலைமயிரையும் குறிப்பதையும், நம் உழவர் நாற்றுக்கட்டை 'நாற்றுமுடி' என்பதையும் ஒருங்கே நோக்குமிடத்து, கட்டுதலே ஆதிப்பொருள் என்றும், கட்டிய இடத்தில் காரியம் பூர்த்தியாவதால் இறுதிப்பொருள் அதிலிருந்து கிளைத்தது என்றும் கொள்வதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். பாஞ்சாலி கூந்தலை முடிக்கும் நாளும் அவள் சபதம் முடியும் நாளும் ஒன்றாய் அமைந்த பாரதக் கதையிலே இவ்விரு பொருளும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்பதைக் காண்க.

தையலில் முடிச்சுத் தொடக்கத்திலும் வருகிறதே, அது எவ்வாறு இறுதியாகும் என்று கேட்கலாம். நூலுக்கு முனை இரண்டு. இரண்டும் அதன் முடிவுகளே. தொடங்கும்போது, நூலின் நுனியைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டி விரலினின்றும் தள்ளி, திரண்ட புரியை நகத்தால் பற்றிக் கீழே இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். இழை நெருக்கமில்லாத மல் துணியில் இம்முடிச்சு உருவிக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடுமாதலால், தேர்ந்த கையினர் முதல் தையலை அதே இடத்தில் மறுமுறையும் போட்டுக்கொள்வர்.

கடைமுடிச்சுக்கே அதிக ஜாக்கிரதை வேண்டும். துணியின் மறுபுறத்தில் கடைசித் தையலின் அடியே ஊசியைச் செலுத்தி, நூலை முழுதும் இழுத்துவிடாமல் சிறிய வளையமாக நிறுத்தி, அவ்வளையத்தினூடே ஊசியை நுழைத்து மெல்ல இழுக்கவேண்டும். ஒருமுறை செய்தது நாளடைவில் நெகிழும். மறுமுறையும் அவ்வாறே செய்தால்தான் அது நிலைக்கும். பிறகு நூலை ஒட்ட நறுக்கிவிடாமல், இரு மடிப்புகளுக்கிடையே சிறிது தூரம் ஓட்டி அப்பால் நறுக்குவது உத்தமம். பருத்தி நூலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பிசிறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அதற்கு இரண்டு சுற்றுப் போதும். வழுவழுப்பான பட்டு நூலுக்கும் நைலான் நூலுக்கும் அப்பற்று இல்லாமையால் மூன்றாவது சுற்றும் அவசியமாகிறது. முடிச்சின் பலமெல்லாம் இழையோடு இழை உராய்வதிலே இருக்கிறது. போர்த்துக்கீசியச் சொல்லாய் வந்து தமிழாகிவிட்ட பொத்தானைத் தைக்கும்போது, அதன் அடியில் கழுத்துப்போல் நூலைப் பலமுறை சுற்றிய பின்னரே முடிச்சிடுவது வழக்கம்.

இரண்டு இழைகளைச் சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் வலக்கை இழையை இடக்கை இழையின்மேல் மடித்துக் கட்டினால், அடுத்த கட்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன்மேல் மடிக்கவேண்டும். இருமுறையும் ஒரே பக்கமாக மடித்தால் இழுவையில் நழுவிவிடும். நெசவாளர் அறுந்த பாவிழையைப் பிணைக்கும் முடிச்சு இதனினும் நுட்பமானது. அச்சின் பற்களிடையே சிக்காமல் புகவேண்டியிருப்பதால் அதனை மிகச் சிறிதாக இட்டு, நுனிகளை ஒட்ட நறுக்கிவிடுவர். இழுத்த மாத்திரத்தில் உருவிக்கொள்வதை நம் மக்கள் முடிச்சு என்னாது 'உருவாஞ்சுருக்கு' என்றே வழங்குவது, உறுதியாய் நிற்பதற்கும் நழுவிச் செல்வதற்கும் உள்ள பேதத்தை அவர்கள் எவ்வளவு நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

துணியில் முடிந்துவைத்த பணத்துக்கும் முடிச்சு என்னும் பெயர் ஆகிவந்தமையால், அதனைக் களவாடுவோன் முடிச்சுமாறி என்றும் முடிச்சவிழ்க்கி என்றும் பெயர் பெற்றான். பணத்தைத் துணியில் முடிந்துவைக்கும் வழக்கம் அருகிய பின்னும் அவ்வசைச்சொற்கள் வழக்கில் நிலைத்திருக்கின்றன.