இரும்பு மின்கலத்தின் ஊற்றுக்கண்: 1981ஆம் ஆண்டின் மாலிப்டேட் கட்டுரையை முன்வைத்து

2019 அக்டோபர் 9 அன்று வேதியியலுக்கான நொபேல் பரிசை அறிவித்தபோது, பரிசுக் குழு லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாற்றை மூன்று படிகளில் சொல்லி முடித்தது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்பைடைக் கேத்தோடாக வைத்து இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் எடுத்தார். 1980இல் ஜான் குடினஃப் சல்பைடுக்குப் பதிலாகக் கோபால்ட் ஆக்சைடை வைத்து நான்கு வோல்ட்டைத் தொட்டார். 1985இல் அகிரா யோஷினோ கரி ஆனோடைச் சேர்த்து, வணிகத்துக்கு உகந்த முதல் மின்கலத்தைச் செய்து காட்டினார்.

பரிசு அறிவிப்புக்கான குறிப்பு என்ற அளவில் இதில் பிழையில்லை. மூன்று பேருக்கு மேல் பரிசைப் பங்கிட விதி இடம் தராது. ஆகவே மூன்று படி. ஆனால் அறிவிப்புக்காகக் கட்டிய ஏணியையே வரலாறு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. தமிழில் வரும் அறிவியல் கட்டுரைகளும் பெரும்பாலும் அதே மூன்று படிகளில் ஏறி இறங்கிவிடுகின்றன. இந்த வாசிப்போடுதான் இக்கட்டுரைக்கு முரண்பாடு.

முரண்பாடு இரண்டு இடத்தில். முதலாவது, இந்த ஏணி 1985இல் நின்றுவிடுகிறது. இன்று மின்வண்டிகளிலும் சூரியமின் சேமிப்பிலும் பெருமளவில் புழங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்கு அதில் இடமே இல்லை. தேனி மாவட்டத்து வீரபாண்டியில் உட்கார்ந்து இந்த வரலாற்றைப் படிப்பவருக்கு அந்த விடுபடல் உறுத்தும். கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் மாதங்களில் தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுழல்கின்றன; கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நேரத்து வெயிலில் கூரைமேல் சூரியத் தகடுகள் காய்கின்றன. ஆடிக்கும் மார்கழிக்கும் இடையிலான பள்ளத்தை எந்த மின்கலமும் நிரப்பாது. பகலுக்கும் இரவுக்கும் இடையிலானதை நிரப்பலாம். அதற்கு விலை மலிந்த, எளிதில் தீப்பிடிக்காத பொருள் வேண்டும். கோபால்ட் அந்த வேலைக்கு ஆகாது. இரும்பு ஆகும்.

இரண்டாவது முரண்பாடு கருத்தளவிலானது. எனக்கு இதுவே முக்கியம். நொபேல் குறிப்பில் குடினஃப் முன்கூட்டியே கணித்தவராக வருகிறார். சல்பைடை விட ஆக்சைடு கூடுதல் மின்னழுத்தம் தரும் என்று கணித்தார், தேடினார், கண்டார். கோபால்ட் விஷயத்தில் இது உண்மை. ஆனால் அக்குறிப்பைப் படித்து எழுந்தவர், மின்னழுத்தத்தை உயர்த்த இரண்டே வழி என்று நினைத்துக்கொள்வார்: எதிரயனியை மாற்று, அல்லது உலோகத்தை மாற்று. மூன்றாவது வழி ஒன்று உண்டு. உலோகத்தையும் ஆக்சிஜனையும் அப்படியே விட்டுவிட்டு, ஆக்சிஜனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அணுவை மாற்றுவது. மாலிப்டேட், சல்பேட், பாஸ்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளால் ஆன இந்தச் சட்டகங்களிலிருந்தே இரும்பு பாஸ்பேட் வந்தது. இந்த வழி முன்கணிப்பில் பிறக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதில் பிறந்தது. ஒப்பிட்ட கைகளில் ஒன்று சென்னையில் பழகிய கை என்பது என் வாதம்.

ஆறுமுகம் மந்திரம் தென்தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் 1951இல் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1974இல் இளநிலையும் 1976இல் முதுநிலையும் முடித்து, சென்னை ஐஐடியில் 1981இல் முனைவர் பட்டம் பெற்றார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு விரிவுரையாளர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, அங்கிருந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். குடினஃபும் 1986இல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு ஆஸ்டினுக்கு வந்துவிட்டார். 1991இல் மந்திரம் அங்கேயே ஆசிரியரானார். இந்த விவரங்கள் எல்லோருக்கும் கிடைப்பவை. இவற்றில் சர்ச்சை இல்லை.

கவனிக்கப்படாதது 1981இல் ராயல் வேதியியல் சங்கத்தின் டால்டன் டிரான்சாக்ஷன்ஸ் இதழில் ஜெ. கோபாலகிருஷ்ணனும் மந்திரமும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை. மின்கலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஷீலைட் வகைப் படிக அமைப்புள்ள அருமண் மாலிப்டேட்டுகளை ஹைட்ரஜனால் ஒடுக்குவது பற்றியது அது. அந்த வினையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். இரண்டு அருமண் அயனிகளுக்கு மூன்று மாலிப்டேட் தொகுதிகள். ஆக மூன்று மாலிப்டினம், பன்னிரண்டு ஆக்சிஜன். ஷீலைட்டில் உலோக அயனி உட்காரும் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு இங்கே காலி. ஹைட்ரஜன் ஓட்டத்தில் சில நூறு பாகையில் சூடாக்கினால் மூன்று ஆக்சிஜன் நீராவியாகக் கழன்றுவிடும், மிஞ்சுவது ஒன்பது. மாலிப்டினத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஆறிலிருந்து நான்காக இறங்குகிறது. இவ்வளவு நடந்தும் விளைபொருள் ஷீலைட் சாயலை இழக்கவில்லை. வெப்பத்தைக் கூட்டினால் கட்டுமானம் சிதைந்து, வெப்ப இயக்கவியலுக்குப் பிடித்த வேறு பொருள்கள் வந்துவிடும். ஆகவே இங்கே கைப்பக்குவம் முக்கியம்: கூடு குலையாமல் எலக்ட்ரானை உள்ளே செலுத்த வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1987ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜர்னல் ஆஃப் சாலிட் ஸ்டேட் கெமிஸ்ட்ரி இதழில் மந்திரமும் குடினஃபும் இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட் ஆகியவற்றுள் லித்தியத்தைச் செருகியதை எழுதுகிறார்கள். வாய்பாட்டைப் பாருங்கள்: இரண்டு இரும்பு, மூன்று மாலிப்டேட். சென்னையில் அருமண் இருந்த இடத்தில் ஆஸ்டினில் இரும்பு. ஹைட்ரஜன் செய்த வேலையை இப்போது லித்தியம் செய்கிறது, அதுவும் உலையில்லாமல். கூடு குலையவில்லை. எலக்ட்ரான் உள்ளே போகிறது. இரண்டு லித்தியம் நுழைய, இரண்டு இரும்பும் மும்மையிலிருந்து இருமைக்கு இறங்குகின்றன. இரண்டு பொருள்களிலும் மின்னழுத்தம் 3 வோல்ட். சாதாரண இரும்பு ஆக்சைடுகளில் அது இரண்டரைக்கும் கீழ்.

1989இல் மூன்றாவது பொருள் வருகிறது: இரும்பு சல்பேட். மின்னழுத்தம் 3.6 வோல்ட். அதே இரும்பு, அதே ஆக்சிஜன், அதே போல எண்முகிகளும் நான்முகிகளும் மூலை மட்டும் தொட்டு நிற்கும் சட்டகம். மாறியது நான்முகியின் நடுவில் இருக்கும் அணு ஒன்றே. ஒரே கயிற்றை இருபுறமிருந்தும் இழுப்பது போல, கந்தகம் தன் பக்கம் ஆக்சிஜனின் எலக்ட்ரானை வலுவாக இழுத்தால் இரும்புப் பக்கச் சகப்பிணைப்பு தளர்கிறது. தளர்ந்தால் இரும்பின் ஆற்றல் மட்டம் கீழே இறங்கும். லித்தியத்துக்கு எதிரான மின்னழுத்தம் ஏறும். தூண்டல் விளைவு என்று இன்று பாடநூல்களில் வருவது இதுதான்.

அப்படியானால் இந்தக் கருத்தின் பிறந்த ஆண்டு எது? இரும்பு பாஸ்பேட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் பொதுவாக 1997இல் தொடங்குவார்கள். பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் மூவரும் ஆலிவின் பாஸ்பேட் பற்றி எழுதிய ஆண்டு அது. அது மிகப் பிந்திய தேதி. நானோ 1987ஐயும் ஏற்கத் தயங்குகிறேன். மாலிப்டினத்தை எடுத்துவிட்டு டங்ஸ்டனை வைத்தபோது எண் அசையவில்லை. அசையாத எண்ணிலிருந்து விதி கிடைக்காது. கந்தகம் வந்து 0.6 வோல்ட் நகர்ந்த பிறகே ஒப்பீட்டுக்குப் பொருள் வருகிறது. எனவே 1989 என்பேன். ஆனால் அச்சான தேதி வேறு, ஆய்வகத்தில் எண்ணைப் பார்த்த தேதி வேறு. இரண்டுக்கும் இடையே எத்தனை மாதம் என்பதை இதழ்ப் பக்கங்கள் சொல்வதில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மையாகாது. 1976லேயே குடினஃப், ஹாங்குடனும் கஃபாலஸுடனும் சேர்ந்து நாசிகான் என்ற சோடியம் கடத்தியை வெளியிட்டிருந்தார். அதுவும் எண்முகியும் நான்முகியும் மூலை தொட்ட சட்டகம். நான்முகிகளில் பாஸ்பரசும் சிலிக்கனும். சட்டகத்தின் வழியே அயனி ஓடும் என்பதைக் குடினஃபுக்குச் சென்னையிலிருந்து வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு எதற்கு அருமண் மாலிப்டேட்?

என் பதில் வரிசையில் இருக்கிறது. நாசிகானிலிருந்து புறப்பட்டவர் முதலில் எடுத்திருக்க வேண்டியது பாஸ்பேட்டை. நடந்தது வேறு: முதலில் மாலிப்டேட், உடன் டங்ஸ்டேட், பிறகு சல்பேட், பல ஆண்டு கழித்தே பாஸ்பேட். ஷீலைட் என்ற கனிமமே கால்சியம் டங்ஸ்டேட்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்கத்தில் இருந்தது நாசிகான்காரரின் அலமாரி இல்லை, ஷீலைட்காரரின் அலமாரி. குடினஃபின் கோட்பாடு இல்லாமல் 3.6 வோல்ட்டுக்கு விளக்கம் கிடைத்திருக்காது, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் புட்டி முதலில் திறக்கப்பட்டது என்ற கேள்விக்குக் கோட்பாடு விடை தராது.

இந்த வாதத்திலும் ஒரு விரிசல் இருக்கிறது. 1986இல், அதே சாலிட் ஸ்டேட் இதழில், ரீஃப், ஜாங், டொரார்டி ஆகிய மூவர் இரும்பு மாலிப்டேட்டுக்குள் லித்தியம் செருகியதை அதன் அமைப்பையும் காந்தப் பண்பையும் முன்னிட்டு எழுதியிருக்கிறார்கள். மந்திரமும் குடினஃபும் எழுதியதற்கு ஓராண்டு முன்பு. ஆஸ்டினில் மாலிப்டேட் முதலில் வந்ததற்கு இக்கட்டுரையே காரணமாக இருந்திருக்கலாம். அல்லது இரு குழுவும் தனித்தனியே ஒரே பொருளை எடுத்திருக்கலாம். டங்ஸ்டேட்டும் சல்பேட்டும் பக்கத்தில் வைக்கப்பட்டது ஆஸ்டினில்தான் என்பது உறுதி. மாலிப்டேட்டின் வழி சென்னையிலிருந்து நேராக வந்ததா, அமெரிக்கச் சுற்றில் வந்ததா என்பதை அச்சிட்ட சான்றுகளை வைத்து மட்டும் தீர்க்க முடியவில்லை. இன்னொரு வேறுபாடும் சங்கடம் தருவதே: சென்னையில் ஒடுங்கியது மாலிப்டினம், ஆஸ்டினில் ஒடுங்கியது இரும்பு. வினையின் குணம் ஒன்று, நாயகன் வேறு. இருந்தும், கூடு குலையாத ஒடுக்கத்தை முனைவர் பட்டக் காலத்திலேயே செய்து பழகியவர் ஆறாண்டுக்குள் அதே வாய்பாட்டில் இன்னொரு மாலிப்டேட்டை எடுத்ததைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

மீதிக் கதை பலரும் எழுதியது. ஆலிவின் பாஸ்பேட் 3.4 வோல்ட் தந்தாலும் எலக்ட்ரானை மிக மோசமாகக் கடத்தியது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பாஸ்பேட்டை நிறுத்தியதற்குக் கொடுத்த விலை அது. துகள்களை நுண்ணியதாக்கி, மேலே கரிப்பூச்சு கொடுத்த பிறகே பொருள் சந்தைக்கு வந்தது. மந்திரத்தின் குழு பிற்பாடு லித்தியத்தையும் கந்தகத்தையும் இணைக்கும் மின்கலங்களுக்குப் போனது; 2012இல் சூவுடன் சேர்ந்து, நுண்துளைக் கரித்தாளை இடையில் வைத்துக் கந்தகம் கரைந்தோடாமல் தடுக்கும் முறையை வெளியிட்டார். 2020இல் கோபால்ட்டே இல்லாத நிக்கல், மாங்கனீசு, அலுமினியக் கேத்தோடு. பரிசு ஏணியின் நடுப்படியில் இருந்த உலோகத்தை நீக்கும் முயற்சி அது என்பது கவனிக்கத்தக்கது.

நொபேல் வாசிப்பை நொபேல் மேடையே ஒரு வகையில் திருத்தியது. 2019 டிசம்பர் 8 அன்று, 97 வயதான குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசு உரையை நிகழ்த்தியவர் மந்திரம். அடுக்கு ஆக்சைடு, ஸ்பைனல், பல்லணு எதிரயனி என்ற மூன்று கேத்தோடு வகைகளையும் வரிசைப்படுத்தும் வரலாறு அது. அறிவிப்புக் குறிப்பில் இருந்ததோ முதலாவது மட்டும். அவ்வுரையையும், 2020இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் அவர் எழுதிய பின்னோக்கிய கட்டுரையையும் அறிவிப்புக்கு அருகில் வைத்துப் படிக்காமல் இத்துறையின் வரலாற்றைத் தமிழில் எழுதக் கூடாது.

எஞ்சுவது மதுரை. 1981க்குப் பிறகான அந்த நான்கு ஆண்டுகளை எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் ஒரே வரியில் தாண்டுகின்றன. சென்னை மாலிப்டேட்டுக்கும் ஆஸ்டின் மாலிப்டேட்டுக்கும் இடையில் கிடப்பது அந்த வரிதான். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி உட்படத் தேனி மாவட்டக் கல்லூரிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்களில், அக்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர்கள் இருக்கக்கூடும். திட நிலை வேதியியல் வகுப்புக் குறிப்பேடோ, செய்முறைப் பதிவேடோ, வினாத்தாளோ எவரிடமேனும் இருந்தால், பழைய தாளுக்குப் போடாமல் பல்கலைக்கழக வேதியியல் துறை நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.