கல்லடிக் கட்டிடமும் காரைதீவுத் துறவியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குச் செல்லும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் மானிங்கின் மனைவியாரது பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அவ்வம்மையார் இவ்வாவிக்கரை மக்களுக்குச் செய்தது யாதெனக் கேட்பதற்கு அன்று இடமில்லை. ஆள்வோர் வீட்டுப் பெயர் என்பதே போதிய தகுதியாயிற்று. அதே ஆண்டில் சென்னையில் காரைதீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயரைப் பெற்றார். இன்று கல்லடியிலே அப்பெயரைத் தாங்கி நிற்பது, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்.

இந்நிறுவகத்தின் வரலாறு நீண்டதன்று. 1982இல் இசை நடனக் கல்லூரியாக இது தோன்றிற்று. அதற்கு முன்னின்று உழைத்தவர், 1979இல் தமிழர் விடுதலைக் கூட்டணியை விட்டு ஆளுங்கட்சியிற் சேர்ந்து அமைச்சரான செ. இராசதுரை. அவர் கட்சி மாறியதை ஏற்காதவர்களும் அவர் எழுப்பிய கல்லூரியில் தம் பிள்ளைகளைச் சேர்த்தனர்; நிறுவக அரங்கு இன்றும் அவர் பெயரைக் கொண்டுள்ளது. வரலாறு நம் விருப்பப்படி ஆட்களைத் தெரிந்தெடுப்பதில்லை. பின்னர் கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து, 2005இல் நிறுவகமாக உயர்ந்தது.

பெயருக்குரியவரை நோக்குவோம். மாணவரிடம் கேட்டால், ‘யாழ் நூல் எழுதியவர்’ என்பர். விடை சரியே; ஆயினும் பாதி விடை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே, முஸ்லிம் ஊர்கள் இருபுறமும் அணைத்துநிற்கும் காரைதீவிலே, 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். தமிழிலே தேறியவர் அத்துடன் நின்றுவிடாது, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். பண்டிதருக்குப் பெளதிகம் எதற்கு என்று கேட்கும் கூட்டம் அன்றும் இருந்திருக்கும். இன்றும் நம்மிடையே இருக்கிறது.

எதற்கு என்பதற்கு யாழ் நூலே சான்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் பேசும் யாழ்க்கருவிகள் வழக்கொழிந்துவிட்டன. சொற்கள் எஞ்சின, ஒலி எஞ்சவில்லை. நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்காகும்போது குரலுக்கு இளி பிறக்கும். இவ்விதிகளைக் கையிற் கொண்டு, அலகுகளைக் கணித்து, இறந்த கருவியின் நரம்பு நீளங்களை அவர் மீட்டெடுக்க முனைந்தார். புலவர் செய்யுளின் பொருள் சொல்லலாம். விஞ்ஞானி நரம்பை அளக்கலாம். இரண்டையும் ஒருவரே செய்தமையால்தான் அந்நூல் பிறந்தது. அவருடைய முடிபுகள் எல்லாவற்றையும் இசை ஆய்வாளர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். 1947 யூன் மாதம் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. அவ்வாண்டு யூலை 19இல் அவர் மறைந்தார். 1943 முதல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அதற்கு முன், 1931 முதல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். அங்கிருந்தபோது பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவர் என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியிற் கடந்துசெல்கின்றன.

அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் கல்லடியிலேயே உள்ளது. அவ்வளவில்தான் அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது. 2004 திசம்பரில் எழுந்த ஆழிப்பேரலை, அவர் பிறந்த காரைதீவையும் அவர் உறங்கும் கல்லடியையும் ஒருநாளிலே தாக்கிற்று.

வேறொன்றையும் இங்கே மறைத்தல் தகாது. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலை வளாகத்திற்குச் சென்று படிக்கும் நிலை இல்லாதொழிந்தது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறு ஆண்டு பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைத்தது. காரைதீவுச் சந்தியில் நிற்பவனுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகம், தெற்கே ஒன்று. கல்வி பெருகியது நன்றே. பெருகிய வழி நன்றன்று.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலரைக் கல்லடி நிறுவகத்துக்கு அழைத்துச் சென்றேன். விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன் வீணையருகே நெடுநேரம் நின்றான். மெட்டுகள் குடத்தை நோக்கி வரவர ஏன் நெருங்குகின்றன என்று கேட்டான். இசை கற்பிப்பவர் சுரத்தின் பெயர்களைச் சொன்னார். தமிழாசிரியனாகிய நான், யாழ் நூலைப் படித்ததனால் அறிந்த விகிதங்களைச் சொன்னேன். அவன் தன் பெளதிகக் குறிப்பேட்டைத் திறந்து நரம்பதிர்வுச் சமன்பாட்டைக் காட்டி, “இது அதுதானே, சேர்? இதை ஏன் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை?” என்றான்.