கள்ளக்குறிச்சி யாருடைய நகரம்?

எது நகரம், எது கிராமம் என்பதற்கு நம் நாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. மக்கள்தொகை 5,000-க்குக் குறையக் கூடாது. ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால், நகராட்சி இல்லாவிட்டாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது நகரம்.

நிர்வாகத்தின் கணக்கு வேறு. 2004-இல் தமிழக அரசு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. கிராமங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-இல் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. கோப்புகள் போய்த் திரும்பின. கடைத்தெரு இருந்த இடத்திலேயே இருந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வந்த எனக்கு இந்தப் பாகுபாடு புதுமையாகத்தான் இருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் பெரிய பட்டணமும் ஒரு கொம்யூன், நூறு பேர் வாழும் சிற்றூரும் ஒரு கொம்யூன். இரண்டுக்கும் ஒரு மேர் உண்டு. 1880-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்த முறை புதுச்சேரிக்கும் வந்தது. இன்றும் அங்கே கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறார்கள்.

அதே புதுச்சேரியில் 1955-இல் தொடங்கியது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஓலைச்சுவடி படிப்பவரும் காட்டுமரங்களை ஆராய்பவரும் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். பிற்காலத்தில் அந்நிறுவனமும் டெல்லியிலுள்ள பிரெஞ்சு சமூகவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, நம்முடைய சிறு நகரங்களை ஆராய்ந்தன. புவியியல், பொருளாதாரம், சமூகவியல் என்று பல துறையினர் அதில் கூடினார்கள். 2001 கணக்கெடுப்பில் 1,362 ஆக இருந்த 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2011-இல் 3,894 ஆகிவிட்டன. சென்னை, மும்பையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊர்களை யார் பார்ப்பது என்பதுதான் அவர்கள் கேள்வி. எரிக் தெனி, மரி-எலேன் செரா இருவரும் தொகுத்த நூல் 2017-இல் வெளிவந்தது. சிறு நகரம் பெருநகரத்தின் வால் அன்று, தன் வியாபாரிகளாலும் தொழிலாளர்களாலும் தானே வளர்கிறது என்பது அதன் சாரம். ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை இந்தியா முழுவதும், ஆப்பிரிக்கா வரையிலும் அனுப்பும் திருச்செங்கோட்டை நினைத்தால் இது எளிதில் விளங்கும்.

கள்ளக்குறிச்சியும் அப்படி வளர்ந்த ஊர்தான். நெல் மண்டி, அரிசி ஆலைகள், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஆனால் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையைச் சேர்க்காமல் இந்த நகரத்தின் கதையை எழுத முடியாது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் என்று எண்ண வேண்டாம்) மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு அந்த மலையை முழுமையாகத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் மாவட்டத் தலைநகரம் கடலூர். 1993 முதல் விழுப்புரம். 2019 நவம்பர் 26-இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, கலெக்டர் அலுவலகம் மலையடிவாரத்துக்குப் பக்கமாக வந்தது.

மலைமக்கள் கடுக்காயும் புளியும் தேனும் கொண்டுவந்து இங்கே விற்கிறார்கள்; கூலி வேலைக்கு வருகிறார்கள்; ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும் என்பதால், விடியற்காலையில் மலையிறங்கி வந்து, வேலை முடியாமல் மாலை பஸ்ஸுக்கு ஓடியவர்களை நான் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று.

2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலைமக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அங்கே பேசப்பட்டன. நல்லதுதான். அதோடு நகரத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பேன். இரவு தங்க இடம், சரக்கு வைத்து விற்க நிழலுள்ள சந்தை, கடைசி பஸ் கொஞ்சம் தாமதமாகப் புறப்படுவது - இவற்றை முடிவு செய்ய பொறியாளர் ஒருவர் மட்டும் போதாது. வனத்துறை, மருத்துவர், சமூகவியல் படித்தவர் ஆகியோருடன் மலையிலிருந்து வரும் ஒரு பெண்மணியும் அதே மேஜையில் உட்கார வேண்டும். நகரத்தின் மக்கள்தொகையில் அவர் பெயர் வராது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் அவரும் இந்நகரத்தில்தான் வாழ்கிறார்.